மேடை காலியா?

மேடையில் லாரி இல்லை, டிராக்டர் இல்லை, வழக்கமாக வந்து சுருண்டு கிடக்கும் செவலை நாய்கூட இல்லை. இருந்தும் மேசை மேலிருந்த பெட்டியின் சிவப்பு எண்கள் அறுபது கிலோ என்றன.

குந்தவை முந்தானையால் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். தை மாதத்துப் பனி, காலை ஐந்தரை மணி. காவிரிக் கரையிலிருந்து எழுந்து வந்த வெள்ளை, வயலையும் சாலையையும் விழுங்கிவிட்டு எடைமேடையின் பாதியையும் விழுங்கியிருந்தது. தெரிந்த பாதியில் ஒன்றும் இல்லை. மறுபாதியில் என்ன இருந்துவிடப் போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் விசைப்பலகைப் பக்கம் திரும்பினாள்.

திரையில் அந்தக் கேள்வி காத்திருந்தது.

மேடை காலியா? ஆம் / இல்லை.

அவள் 'ஆம்' அழுத்தினாள். கம்ப்யூட்டர் 'பீப்' என்று ஒரு சத்தம் போட்டது. மேடை காலியில்லை, மீண்டும் பார்க்கவும் என்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடி பீப். பதினோரு வருஷமாக இதைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். கும்பகோணத்துக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த எடை புரோகிராம். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, அவருடைய பிடிவாதம் மட்டும் இன்னும் உயிரோடு இருந்தது. தினமும் காலையில் மேடை காலியா என்று கேட்கும். காலி என்று அதற்கும் பட்டால்தான் பூஜ்யம் எடுத்துக்கொண்டு சீட்டு அடிக்க விடும். இல்லாவிட்டால் தலைகீழாக நின்றாலும் நகராது.

"காலிதான். காலிதான். காலிதான், சனியனே!"

பீப்.

திரையின் மூலையில் இன்னொரு பெட்டி எழும்பி வந்தது. புதிய பதிப்பு தயாராக உள்ளது. இப்போது மாற்றவா, பிறகு நினைவூட்டவா? மூன்று மாதமாக இதுவும் ஒரு தொல்லை. லாரிகள் வரிசையில் நிற்கும்போதுதான் சரியாக வந்து முன்னால் நிற்கும். குந்தவை எத்தனையோ முறை 'பிறகு' அழுத்தியிருக்கிறாள். பழைய சிஸ்டம் போனால் கும்பகோணத்துக்காரரின் புரோகிராமும் போய்விடும்; புதிதாக ஒன்று போட வேண்டும்; திரும்பி வர வழி கிடையாது. ஓடுகிற ஒன்றை நோண்டுவது, வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பது அவள் எண்ணம்.

சிங்கப்பூரில் கிரேன் ஓட்டும் அவள் கணவன் இளம்பரிதிக்கு அந்த எண்ணம் இல்லை. நேற்று இரவு போனில் கத்தினான். "இன்னும் அந்த ஓட்ட சிஸ்டத்தயா கட்டிக்கிட்டு மாரடிக்கிற? உலகமே மாத்திருச்சு குந்தவை. ஒரு பட்டன அமுக்க உனக்கு மூணு மாசமா?" அவனுக்கென்ன, சொல்லிவிட்டு வைத்துவிட்டான். மேடையில் ஏறி நிற்கும் லாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

அறுபது கிலோ என்பது இந்தப் பக்கத்தில் ஒரு மூட்டை நெல். நேற்று அந்த ஒரு மூட்டையில்தான் அவள் மானம் போனது. அரசப்பன் அண்ணன் நூற்றைம்பது மூட்டை ஏற்றி வந்தார். எண்ணி ஏற்றியவர் அவர். சீட்டில் நூற்று நாற்பத்தொன்பதுதான் வந்தது. வெற்று லாரியை எடை போட்டபோது எங்கிருந்தோ ஒரு அறுபது கிலோ கூடியிருந்தது, நெல்லோடு வந்தபோது அது இல்லை; கழித்ததில் ஒரு மூட்டை போய்விட்டது. அரசப்பன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, உன் மேடை ஒரு மூட்டய முழுங்கிருச்சே. பதினோரு வருசத்துல நான் உன்ன ஒரு கேள்வி கேட்டுருப்பனா?"

"அண்ணே, நான் எதுலயும் கை வைக்கலண்ணே."

"நீ வச்சன்னு சொல்லலம்மா. நாளைக்கு ஏழு மணிக்கு மொத லோடு கொண்டாரேன். சரியா இருந்தா சரி. இல்லன்னா நான் பைபாஸ் மேடைக்குப் போயிருவேன், எம் பின்னாடி வர்றவங்களும் அங்கதான் போவாங்க. அப்புறம் கோச்சுக்காத."

குந்தவைக்கு அழுகையே வந்துவிட்டது. குந்தவை மேடையில் எடை சுத்தம் என்று திருவையாறு முழுக்கப் பேர் வாங்கப் பதினோரு வருஷம் ஆனது. அந்தப் பேர் போக ஒரு மூட்டை போதும் போலிருக்கிறது. இன்றைக்கு ஏழு மணிக்குள் இந்த அறுபது போயாக வேண்டும்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அறையிலிருந்து மேடைக்கு நான்கு இரும்புப் படிகள். மூன்றாவது படி எப்போதும் கிறீச்சிடும். மேடையின் இரும்புத் தகடு முழுக்கப் பனி முத்து முத்தாக இறங்கியிருந்தது. கால் வைத்த இடமெல்லாம் சில்லிட்டது. பனிக்குள் நடக்க நடக்க அறையின் விளக்கு மங்கி ஒரு மஞ்சள் கறையானது. ஒரு வாடை வந்தது. மழையில் மாட்டிக்கொண்ட நெல் சாக்குக்குள்ளேயே முளைவிட்டுப் புழுங்கும் வாடை. அறுவடை நேரத்தில் இது புதிதில்லை, ஆனால் இந்த வருஷம் தையில் மழை பெய்யவே இல்லை.

டார்ச் வெளிச்சம் மேடையின் நடுவில் நின்றது. தகடு முழுக்கப் பனித்துளி. இரண்டு இடத்தில் மட்டும் இல்லை. உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளமாக, பக்கத்தில் பக்கத்தில், இரண்டு காய்ந்த திட்டுகள். ஏதோ லாரியின் எண்ணெய் சிந்தியிருக்கும், எண்ணெயில் பனி ஒட்டாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குனிந்து தொட்டுப் பார்க்கத் தோன்றியது. தொடவில்லை.

திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். மஞ்சள் கறைக்குள் சிவப்பு எண்கள் மங்கலாகத் தெரிந்தன. நூற்றுப் பதினைந்து. குந்தவையின் எடை ஐம்பத்தைந்து.

வேகமாக நடந்து வந்து படியேறிக் கதவைச் சாத்தி, ஜெய்னுலாபுதீனுக்குப் போன் போட்டாள். தஞ்சாவூரில் எடைமேடைகளைப் பழுது பார்க்கிறவன் அவன்.

"தூங்கிட்டு இருந்தியா தம்பி?"

"இல்லக்கா, இப்பதான் தொழுதுட்டு வந்தேன். சொல்லுங்க."

"திரும்ப அறுபது காட்டுது. பூஜ்யமே எடுக்க மாட்டேங்குது. நேத்து கீழ பூந்து பாத்தியே, எலி கிலி எதுவும் இல்லயா?"

நேற்று மாலை அவன் மேடைக்கு அடியில் ஊர்ந்து போய், எடை உணரும் உருளைகள் நான்கையும் தட்டித் தட்டிப் பார்த்தான். நடுவில் ஒரு தடவை கீழேயிருந்து குரல் கொடுத்தான்: "மேல நடக்காதீங்கக்கா, எண்ணு ஆடும்." அறைக்குள் உட்கார்ந்திருந்த குந்தவை, "நான் உள்ளதான் இருக்கேன்" என்று கத்தினாள். அதற்குப் பிறகு அவன் ரொம்ப நேரம் கீழே இருக்கவில்லை. முழங்கைச் சேற்றைக்கூடக் கழுவாமல், புது சிஸ்டத்தையும் புது எடை புரோகிராமையும் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துவிட்டு, டீயும் வேண்டாம் என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"உருள நாலும் நல்லாத்தான்க்கா இருக்கு," என்றான் இப்போது. "பேசாம புதுசுக்கு மாத்திருங்க. ஒரே அமுக்கு. ஒரு மணி நேரம் ஓடும்."

"புதுசும் இதே மாதிரி கேட்டு உசுர எடுத்தா?"

"புதுசு கேள்வியே கேக்காதுக்கா. ஆன் ஆகுறப்ப மேடையில என்ன இருக்கோ, அதத்தான் காலின்னு எடுத்துக்கும். அங்கேருந்து பூஜ்யம்."

"அப்ப இந்த அறுபது?"

"இல்லாத மாதிரி ஆயிரும்."

"இல்லாத மாதிரியா? இல்லாமயா?"

அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அக்கா, நேத்து நான் அடியில இருந்தப்ப நீங்க மெய்யாலுமே மேல நடக்கலதான?"

"காலங்காத்தால ஏன்டா தம்பி இப்படிப் பேசுற?" என்று எரிந்து விழுந்து போனை வைத்தாள்.

இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே தடவை என்று 'ஆம்' அழுத்தினாள்.

பீப். மேடை காலியில்லை.

மணி ஐந்து ஐம்பது. ஏழு மணிக்கு அரசப்பன் வந்து இந்தக் கேள்விக்கு முன்னால் நின்றால் அவரிடம் என்ன சொல்வது? என் கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது அண்ணே என்றா? ஊரே சிரிக்கும். எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: மாற்று, மாற்று. இந்தக் கிழட்டு மிஷின் ஒன்றுதான் இல்லை, இல்லை என்று ஒற்றைக் காலில் நிற்கிறது. அவளுக்கு அலுத்துவிட்டது. மூலையில் எழும்பியிருந்த பெட்டியில் 'இப்போது மாற்று' என்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

திரை நீலமானது. ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. உங்கள் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம். மூன்று சதவீதம்.

ஒரு மணி நேரம் இவ்வளவு நீளம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முப்பது சதவீதத்தில் வந்து அப்படியே நின்றது. குந்தவை மேசையைத் தட்டினாள், திட்டினாள், அந்தோணியாரிலிருந்து ஐயாறப்பர் வரை எல்லோரையும் வேண்டினாள். பிளாஸ்க் டீ ஆறிப்போயிருந்தது. எதிரே லாரிக்காரர்கள் உட்காரும் வயர் நாற்காலி காலியாகக் கிடந்தது. நீல வயர் பின்னல், போன பொங்கலுக்குப் புதிதாகப் பின்னியது, இன்னும் தொய்யவில்லை. வெளியே பனி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. வயலில் கொக்குகூடக் கத்தவில்லை. எங்கோ தூரத்தில் அறுவடை இயந்திரம் ஒன்று உறுமி அடங்கியது. அறுபது சதவீதம். எண்பத்தைந்து. கம்ப்யூட்டர் ஒருமுறை தானாகவே அணைந்து எழுந்தது.

ஆறு ஐம்பதுக்குப் புதிய திரை வந்தது. பளிச்சென்று, கண் கூசும் வெளிச்சத்தோடு, எழுத்தெல்லாம் அழகாக. எடை புரோகிராம் தானாகத் திறந்தது. எதையும் கேட்கவில்லை. சிவப்புப் பெட்டியில் எண்கள் ஒருமுறை துடித்து நின்றன.

பூஜ்யம்.

குந்தவை வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. இதற்கா மூன்று மாதம் பயந்து செத்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இளம்பரிதிக்குப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அரசப்பன் அண்ணனுக்கு முதல் சீட்டு. ஆறிப்போன டீயைச் சந்தோஷமாகக் குடித்தாள். தூரத்தில் லாரியின் ஹாரன் கேட்டது, சாலை வளைவில் வருகிறார் போலிருக்கிறது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

எண் மாறியிருந்தது.

மைனஸ் அறுபது.

இது என்ன புதுக் கூத்து என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பெட்டியைத் தட்டினாள். மாறவில்லை. புது சிஸ்டம், புதுக் கோளாறு, எல்லாம் அந்தப் பையன் ஜெய்னுலாபுதீனால் வந்தது. போனைக் கையில் எடுத்தாள். மைனஸ் எப்படி வரும்? காலி மேடையைவிடக் குறைவாக எப்படி எடை காட்டும்?

அப்போதுதான் அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆன் ஆகும்போது என்ன இருக்கிறதோ, அதைத்தான் காலி என்று எடுத்துக்கொள்ளும்.

மேடை காலியாக இருக்கவில்லை. இப்போதுதான் காலியாகியிருக்கிறது.

போன் கையிலேயே இருந்தது.

வெளியே இரும்பில் ஒரு சத்தம். மெதுவாக. முதல் படி.

கதவைச் சாத்தினோமே, தாழ் போட்டோமா? போடவில்லை. எழுந்து போய்ப் போட வேண்டும். எழ முடியவில்லை.

இரண்டாவது படி.

நேற்று அரசப்பனின் நெல் லாரி நின்றபோது அந்த அறுபது மேடையில் இல்லை. அப்போது எங்கே இருந்தது?

மூன்றாவது படி கிறீச்சிட்டது.

பழையது பீப் என்று கத்தியிருக்கும். மேடையில் எது இருந்தாலும் காலி என்று ஒப்புக்கொண்டிருக்காது. புதியது கத்தவில்லை. திரை அழகாக மின்னிக்கொண்டிருந்தது.

கதவு சத்தமில்லாமல் உள்பக்கம் நகர்ந்தது. பனி நுழைந்தது. முளைவிட்ட நெல்லின் வாடை நுழைந்தது. வாசலில் யாரும் இல்லை. கதவு திரும்பித் தானாகச் சாத்திக்கொண்டது.

வாடை மட்டும் போகவில்லை.

லாரியின் முகப்பு விளக்கு பனியைக் கிழித்து ஜன்னல் வழியாக அறைக்குள் விழுந்தது. "குந்தவ! ஏத்தலாமாம்மா? மேட காலியா?" என்று அரசப்பனின் குரல் வெளியே கேட்டது. வெளிச்சம் நேராக அவளுக்கு எதிரே இருந்த நாற்காலி மேல் விழுந்திருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. அதன் நீல வயர் பின்னல் மட்டும், ஒவ்வொரு வரியாக முனகிக்கொண்டு, ஒரு மூட்டை கனத்துக்கு எவ்வளவு தொய்யுமோ அவ்வளவும் மெல்லக் கீழே தொய்ந்தது.