இடது காதில் மழை

கணினி “படகு” என்றது. பொம்மி “கதவை” என்றாள்.

பயிற்சியாளர் நிமிர்ந்து பார்த்தாள். எட்டு வயதுப் பொம்மிக்குக் காதில் குறையில்லை. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுக்கத்தான் திணறுவாள். வகுப்பில் மின்விசிறி ஓடினாலே டீச்சர் சொல்வதெல்லாம் குழம்பிவிடும். அதற்காகத்தான் ஐந்து வாரமாக இந்தப் பயிற்சி: ஹெட்போனில் வலது காதுக்குச் சொல், இடது காதுக்கு மழைச் சத்தம், கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். படகை மடகு என்பாள். இப்படிச் சம்பந்தமில்லாமல் சொன்னதேயில்லை.

“மணல்.”

“பூட்டு.”

“குதிரை.”

“மிஸ்.”

சுவர் முழுக்க ஒட்டியிருந்த பஞ்சு அட்டைகளின் பழைய நெடி, மூச்சு விடும் சத்தத்தைக்கூட உறிஞ்சிக்கொள்ளும் அந்தச் சின்ன அறையில், திடீரென்று மூக்கில் ஏறியது. கண்ணாடிக்கு அப்பால், நடைக்கூடத்துப் பெஞ்சில், பொம்மியின் அம்மா போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கூடை.”

“வெளியே போகக்கூடாது.”

பயிற்சியாளர் கணினி நிரலை நிறுத்தினாள். “யாருடா செல்லம் இப்படிச் சொல்றது?”

பொம்மி இடது காதைத் தொட்டாள். “மழைக்குள்ள ஒரு பாப்பா இருக்கு மிஸ். என்னை மாதிரியே பேசுது.”

பயிற்சியாளர் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தாள். நிரல் நின்றிருந்தது. மழை நிற்கவில்லை. கூரையில், இலையில், தகரத்தில் என்று விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த மழைக்கு அடியில், மிக அருகில், யாரோ பேசுவதற்காக மூச்சை இழுத்தார்கள்.

ஹெட்போன் கைநழுவி விழுந்தது.

“போதும்டா. வா, அம்மாகிட்ட போலாம்.”

கதவின் கைப்பிடி திரும்பவில்லை. இரு கையாலும் திருகினாள். அசையவில்லை. கண்ணாடியை அறைந்தாள். “அக்கா! கதவைத் திறங்க! அக்கா!” ஒரு பொட்டுச் சத்தமும் வெளியே போகாத அறை. அம்மா தலை நிமிரவில்லை.

விளக்கு அணைந்தது.

கும்மிருட்டு. துழாவினாள். பொம்மியின் கை அகப்பட்டது. இறுகப் பற்றிக்கொண்டாள்.

“பயப்படாதடா. மிஸ் இருக்கேன்.”

அந்தக் கை சில்லென்றிருந்தது. நனைந்திருந்தது.

விளக்கு வந்தது.

கண்ணாடிக்கு வெளியே, அம்மா குனிந்து பொம்மியின் தோளில் புத்தகப்பையை மாட்டிக்கொண்டிருந்தாள். பொம்மி அறைப் பக்கம் திரும்பிக் கையசைத்தாள். இருவரும் நடந்தார்கள். வளைவில் மறைந்தார்கள்.

பயிற்சியாளர் கீழே பார்க்கவில்லை.

அவள் கைக்குள் இருந்த ஈர விரல்கள், ஒவ்வொன்றாக, இறுகின.