ஷோகேஸ் மேல் பேசிய சத்யநாராயணன்

வெள்ளிக்கிழமை, காலை 11.30. அஸ்தினாபுரம்.

அபிதகுஜாம்பாளின் நகைப் பெட்டி காணாமல் போயிருந்தது. பீரோவைத் திறந்து அதை எடுத்து வெளியே வைத்தவர் அவரேதான். வைக்கச் சொன்னவர் அவருடைய கணவர் சத்யநாராயணன். இதில் ஒரே ஒரு சிக்கல். சத்யநாராயணன் போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகி, வருஷாப்தீகமும் முடிந்துவிட்டது.

பேசியது ஷோகேஸ் மேலிருந்த கறுப்புப் பெட்டி. 'மறுகுரல்' என்றொரு கம்பெனி. போனவரின் பழைய ஒலிப்பதிவுகளைக் கொடுத்து, குணத்தையும் சொன்னால் போதும். அவர் குரலிலேயே பேசும் பெட்டி ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லும், தானாகவும் பேசும். செத்தவர்களை மாதச் சந்தாவுக்கு விடும் காலம் வந்தாயிற்று. நாமும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறோம்!

சப்-இன்ஸ்பெக்டர் ஜெயசீலி அந்தப் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சோபாவின் ஓரத்தில் ஒடுங்கியிருந்த அபிதகுஜாம்பாளின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குரல் என்ன சொல்லிச்சு மாமி? வார்த்தை மாறாம சொல்லுங்க."

"'எத்தனை தடவை கத்தறது? காது செவிடா? நகைப் பெட்டியைப் பையில போட்டு வாசல் செருப்பு ஸ்டாண்டு மேல வை. பேங்க்லேர்ந்து ஆள் வரான். எழுந்து தொலை'ன்னார்."

"வெச்சீங்களா?"

"வெச்சுட்டு உள்ளே வந்தேன். அப்புறம் எட்டிப் பார்த்தா பையைக் காணோம்."

"ஏன், எதுக்குன்னு நீங்க கேக்கலையா?"

"அவர்கிட்டயா?" என்றார் அபிதகுஜாம்பாள், உண்மையான திகைப்போடு.

கீழே, அபார்ட்மெண்ட் லிஃப்ட் பக்கத்தில் கேமரா இருந்தது. மாட்டியதோடு சரி, அது வேலை செய்து மாதக்கணக்காகிறது. பின்பக்கப் படியில் அதுவும் இல்லை.

மகன் நிகில் ஊரப்பாக்கத்திலிருந்து ஓடி வந்தான். அம்மாவின் தோளைத் தொட்டான். உடனே ஷோகேஸ் பக்கம் போய், பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அடியிலிருந்த சுவிட்சை அணைத்தான்.

"எப்பவும் இப்படித்தானா?" என்றார் ஜெயசீலி.

"இந்தப் பிசாசு பேசற வீட்டுல நான் உக்காரவே மாட்டேன் மேடம். வந்ததும் முதல் வேலை இதான். வேண்டாம், வேண்டாம்னு அம்மாகிட்டயும் தங்கச்சிகிட்டயும் தலைப்பாடா அடிச்சுண்டேன். கேட்டாத்தானே? இப்ப பாருங்கோ, நகையோட போயிடுத்து. இன்னிக்கே இதைத் தூக்கிக் குப்பையில போடணும்."

"இது பேசி நீங்க கேட்டதே இல்லையா?"

"கேக்க வேண்டிய அவசியம் என்ன? அவரைத்தான் நேர்லயே கேட்டு வளர்ந்திருக்கேனே."

கம்பெனிக்குப் போன் போட்டார் ஜெயசீலி. பதில் மளமளவென்று வந்தது. அந்த வாக்கியங்களைப் பெட்டி தானாகப் பேசவில்லை. யாரோ செல்போனில் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார்கள். அப்படி அனுப்பினால் பெட்டி அதை எழுத்து மாறாமல் அந்தக் குரலில் படிக்கும். பயன்பட்டது டெக்னீஷியனின் பாஸ்வேர்டு. டெக்னீஷியன் பெயர் எபி. முந்தின நாள்தான் பழுது பார்க்க வந்துபோனான்.

பகல் 1.30. காவல் நிலையம்.

எபியைப் பிடித்து உட்கார வைத்தாயிற்று. கம்பெனி அவனை அந்த நிமிஷமே கை கழுவிவிட்டது. இன்ஸ்பெக்டர் சத்தியநாதன் பேப்பரைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

"பாஸ்வேர்டு அவனோடது. வேற என்ன வேணும் ஜெயசீலி? நாலு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்திடலாம்."

"அதுவரைக்கும் டைம் கொடுங்க சார்."

"நாலு மணின்னா நாலு மணி."

எபி அழுது ஓய்ந்து இப்போது கோபத்துக்கு வந்திருந்தான்.

"மேடம், எவனாச்சும் தன் பாஸ்வேர்டுலயே திருடுவானா? அது பொட்டி அடியிலயே ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிக்கீறேன். எங்காளுங்க எல்லாரும் அப்டித்தான் பண்ணுவாங்க. அத்தினி வூட்டுக்குப் போறோம், எத்தன்னு ஞாபகம் வெச்சுக்கறது?"

"சத்யநாராயணன் சாரை உனக்குத் தெரியுமா?"

"பொட்டியில கேட்டதோட சரி. தங்கமான மனுசன் மேடம்! நான் போனா, 'வாப்பா, சாப்ட்டியா'ன்னு கேப்பாரு. அவர் கொரலை வெச்சு நான் திருடுவேனா?" அவன் மூக்கை உறிஞ்சினான். "ஒரு தபா உள்ள போய்ட்டு வந்தா அப்பறம் எவன் மேடம் என்ன வூட்டுக்குள்ள வுடுவான்? என் பொழப்பே அடுத்தவன் வூட்டுக்குள்ள போறதுதானே?"

ஜெயசீலி எழுந்தார். வெளியே வந்து ஜீப்பில் ஏறியவருக்கு 'தங்கமான மனுசன்' என்ற சொல் உறுத்தியது. காலையில் மாமி சொன்னதைக் கேட்டால் அப்படித் தோன்றவில்லையே! ஒன்று, எபி பொய் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெட்டிக்குள் இரண்டு சத்யநாராயணன்கள் இருக்க வேண்டும்.

மறுபடியும் அஸ்தினாபுரம். மணி இரண்டரை.

மகள் நித்யஸ்ரீ வந்திருந்தாள். காட்டாங்குளத்தூரில் கல்லூரி ஆசிரியை. காலை முழுக்க வகுப்பில் நின்றிருந்தாள் என்பதை ஜெயசீலி போனிலேயே உறுதி செய்துகொண்டுவிட்டார். நிகில் பால்கனியில் நின்றுகொண்டிருந்தான்.

ஜெயசீலி பெட்டியின் சுவிட்சைப் போட்டார். அடியில் ஸ்டிக்கர் இருந்தது. சுவிட்சுக்கு ஒட்டினாற்போல், கொட்டை எழுத்தில் பாஸ்வேர்டு.

"யாரும்மா? வெயில்ல வந்திருக்கே போல. அபிதா, கொஞ்சம் மோர் கொடேன்" என்றது பெட்டி. கனிவான குரல்.

நிகில் சட்டென்று பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"சார், மாமி உங்க பேச்சைக் கேக்கவே மாட்டேங்கறாங்க. கொஞ்சம் அதட்டுங்க" என்றார் ஜெயசீலி.

"அதட்டறதா? அவ பாவம், நாள் முழுக்க அடுப்படியில நிக்கறா."

"கோபமா ஒரு வார்த்தை."

"எனக்குக் கோபமே வராதேம்மா."

"'எழுந்து தொலை'ன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"சேச்சே! அது என்ன பேச்சு?"

செத்துப்போன ஒரு மனிதரை, மனைவியைத் திட்டச் சொல்லி, காக்கிச் சட்டை போட்ட ஒருத்தி மன்றாடிக்கொண்டிருந்தாள். எப்படிக் கேட்டும் அவர் மசியவில்லை.

நித்யஸ்ரீ முகம் சிவந்துவிட்டது. "அதுக்குத் திட்ட வராது மேடம். அப்பா எப்படிப்பட்டவர்னு கம்பெனியில கேட்டா. நான்தான் சொன்னேன். அவர் எப்படி இருந்திருந்தா நன்னா இருக்குமோ, அப்படி."

"நிஜத்துல?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அபிதகுஜாம்பாள் தரையைப் பார்த்தார். ஜெயசீலிக்கு அதுவே போதுமாக இருந்தது. பால்கனிக் கதவைத் திறந்தார்.

"நிகில் சார், உள்ள வாங்க. நகைப் பெட்டி எங்கே?"

"என்ன மேடம் விளையாடறேளா? பாஸ்வேர்டு அந்தப் பையனோடது!"

"ஸ்டிக்கர்ல இருக்கறது யாருக்கு வேணா சொந்தம். ஒவ்வொரு தடவையும் பெட்டியைக் கவிழ்த்து சுவிட்சைத் தேடற உங்க கண்ணுல அது படாம இருக்குமா?"

"நித்யாவும்தான் பார்த்திருப்பா!"

"பார்த்திருக்கலாம். ஆனா எபியோ உங்க தங்கச்சியோ திருட நினைச்சிருந்தா, இந்தப் பெட்டி பேசற மாதிரிதான் பேசியிருப்பாங்க. 'அபிதா, சாப்ட்டியா?'ன்னு ஆரம்பிச்சிருப்பாங்க. அவங்களுக்கு இதோட பேச்சு பழக்கம். எபிக்கு இதைத் தவிர வேற சத்யநாராயணனையே தெரியாது. காலையில இங்க கேட்டது அசல் சத்யநாராயணன். அவரைத் தெரிஞ்சு, இந்தப் பெட்டியைத் தெரியாத ஆள் ஒருத்தர்தான். இது வாயைத் திறந்தா வெளியே போயிடற ஆள். நீங்க உங்க அப்பாவைத் தத்ரூபமா நடிச்சீங்க சார். அவர் திருந்திட்டார்னு உங்களுக்கு யாரும் சொல்லல."

நிகில் நாற்காலியில் தொப்பென்று விழுந்தான்.

"நகை எனக்கு எதுக்கு? பின்படி வழியா வந்து எடுத்துண்டு போனேன். எங்காத்துப் பரண்ல அப்படியே இருக்கு" என்றான். "இந்தப் பெட்டி போகணும். அவ்வளவுதான் மேடம். எங்களை ஓட ஓட விரட்டின மனுஷன். செத்தும் ஷோகேஸ் மேல உக்காந்துண்டு... அதுகிட்ட அம்மா சிரிச்சுப் பேசினா எனக்குப் பத்திண்டு வரது. இது ஏமாத்திடுத்துன்னு தெரிஞ்சா அம்மாவே தூக்கிப் போட்டுடுவான்னு நினைச்சேன். போலீஸ்ல எவனையோ பிடிப்பான்னு நான் கண்டேனா?"

"பிடிச்சப்புறம் கண்டீங்கல்ல? அப்பவும் வாயைத் திறக்கலையே!"

அவன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். "அம்மா, நகைப் பெட்டி உள்ளேயே இருந்தது, மறந்துட்டேன்னு சொல்லிடேன். அந்தப் பையனை விட்டுடுவா. யாருக்கும் நஷ்டமில்ல."

அபிதகுஜாம்பாள் ஜெயசீலியைப் பார்த்தார்.

"விட்டுடுவாங்க மாமி" என்றார் ஜெயசீலி. "ஆனா அந்த மெசேஜ் அவன் அனுப்பினதுன்னுதான் கம்பெனியில நிக்கும். அப்புறம் அவனுக்கு எந்த வீட்டுலயும் கதவு திறக்காது. நீங்கதான் சொல்லணும். மணி மூணு ஆயிடுச்சு."

அபிதகுஜாம்பாள் ஷோகேஸ் மேலிருந்த பெட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

"இது மிஷின்னு எனக்குத் தெரியாதாடா?" என்றார் அபிதகுஜாம்பாள். "கல்யாணமான நாள்லேர்ந்து அவர் குரலைக் கேட்டா கையில இருக்கறதைப் போட்டுட்டு ஓடுவேன். அதே குரல் சாப்ட்டியான்னு கேட்டுது. பொய்யா இருந்தா என்ன, நன்னா இருந்துது. இன்னிக்குக் காலம்பற அது கத்தினதும் கால் தானா எழுந்துண்டுடுத்து. மிஷினும் அவரா மாறிடுத்தேன்னு பயந்து செத்தேன். அவர் போனப்புறம் என்னை நடுங்க வெச்சது நீடா."

நிகில் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அபிதகுஜாம்பாள் அவன் தலையில் கை வைத்தார். ஆனால் மனசு மாறவில்லை.

"வண்டியில ஏறு. நித்யா, நீயும் வா."

நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஜீப் காவல் நிலையத்துக்குள் நுழைந்தது. எபியை வெளியே அழைத்துவந்துகொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் சத்தியநாதன் கையில் பேப்பர்.

அபிதகுஜாம்பாள் நேரே எபியின் முன்னால் போய் நின்றார்.

"இந்தப் பிள்ளை எடுக்கலை. அந்த வார்த்தையையும் இவன் அனுப்பலை. ரெண்டும் என் பிள்ளை பண்ணினது. எழுதிக்கோங்கோ!"

வாசலில் நின்ற ஆட்டோக்காரர்கள் வரை திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவால் இவ்வளவு உரக்கப் பேச முடியும் என்பது நித்யஸ்ரீக்கு அன்றுதான் தெரிந்தது.