வெறும் தண்ணீருக்கு இரை

முந்தின நாள் போட்ட இரை தொட்டியின் அடியில் கிடந்து ஊறி, நூல்நூலாய்ப் பூசணம் பிடித்திருக்க வேண்டும். கூழாங்கற்களின் மேல் ஒரு துணுக்குகூட இல்லை. கண்ணாடியில் மூக்கு முட்டும் அளவுக்கு அவன் குனிந்து பார்த்தான். தண்ணீர் தெளிந்து, அசையாமல் நின்றது. அதில் இன்னும் மீனே விடவில்லை.

மகளுக்கு ஒரு ஃபைட்டர் மீன் வாங்கத்தான் அவன் வண்ணமீன் கடைக்குப் போயிருந்தான். கடைக்கார அக்கா தொட்டி, மூடி, வடிகட்டி, ஒரு சின்ன டப்பா இரை எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, மீனை மட்டும் தர மறுத்தாள்.

"மீன் அப்புறம். மொதல்ல தண்ணி பழகட்டும். புதுத் தண்ணியில விட்டா அதோட கழிவே அதுக்கு விஷமாயிடும். தினம் ஒரு சிட்டிகை இரை போட்டுட்டு வாங்க. அது அழுகணும். அழுகினாத்தான் கழிவைத் தின்னுற கிருமிங்க வந்து குடியேறும்."

"மீனே இல்லாம இரையா?"

"பூச்சு ஈரம் காயாம புது வீட்டுக்குக் குடி போவீங்களா? அது மாதிரிதான்." ஒரு குடுவையில் தனியே நின்ற நீல மீனைக் காட்டினாள். அது மேலே வந்து, நீர்ப்பரப்பில் வாயை ஒட்டி, 'ப்ச்' என்று காற்றை உறிஞ்சிவிட்டு இறங்கியது. "பாத்தீங்களா? இதுக்குச் செவுள் மட்டும் பத்தாது. நம்மள மாதிரி காத்தையும் அள்ளிக்கணும். மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல எப்பவும் இடம் விடுங்க."

வீட்டுக் கூடத்தில் தொட்டி வைக்க ஒரே இடம்தான் காலியாக இருந்தது. அவன் மனைவியின் கட்டில் கிடந்த இடம். நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகும் நோய் அவளுக்கு. கடைசி மாதங்களில், சிலிண்டரின் மெல்லிய சீறலுக்கு நடுவே அவள் உதடு பிரித்துக் காற்றைத் தேடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் அவர்கள் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். அவள் போனதிலிருந்து மகள் வாய் திறக்கவில்லை. அடங்காத பிள்ளை என்று அம்மா 'வாலு' என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பிள்ளை சுவரோடு சுவராக உட்கார்ந்துவிட்டது. எதையாவது வளர்க்கக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார்.

வெறும் தொட்டியைப் பார்த்த மகளின் முகம் வாடியபோது, அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"உள்ள ஆளு இருக்குடா வாலு. கண்ணுக்குத் தெரியாது. நாம சாப்பாடு போட்டாத்தான் நம்ம வீட்டுலயே இருப்பாங்க."

கிருமிகளைத்தான் சொன்னான். மகள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். கட்டில் கால்கள் பதிந்த தடம் இன்னும் அழியவில்லை. எழுந்துவந்து, இரை டப்பாவை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மனைவியின் தங்கை தினமும் சாயங்காலம் வந்து, அவன் வேலை முடிந்து திரும்பும்வரை பிள்ளையோடு இருப்பாள். தொட்டியைப் பார்த்து அவள் சிரித்தாள். "வெறும் தண்ணிக்குச் சோறு போடற மொத ஆளு நீங்கதான் மாமா. எனக்கு ஒரு வாய் காப்பி போட்டுத் தர ஆளில்ல இந்த வீட்டுல."

அந்தச் சிரிப்புக்கு நடுவே அவன் அதைக் கேட்டான். ப்ச்.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் தொழில். எந்த மாடியில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். எழுந்துபோய் வடிகட்டியின் சுவிட்சை அணைத்தான். மோட்டாரின் முனகல் அடங்கியதும் குளிர்பெட்டியின் ரீங்காரம் எழுந்தது, அதற்கடியில் குழாய்ச் சொட்டு, அதற்கும் அடியில், ஈரமான இரண்டு உதடுகள் மெதுவாகப் பிரிவதுபோல, தொட்டியிலிருந்து, மறுபடியும். நீர்ப்பரப்பில் ஒரு வளையம் விரிந்து கண்ணாடியில் முட்டி அழிந்தது. பாசி வாசனைக்குப் பதிலாக, கடைசி நாட்களில் அவள் தலையணையில் இருந்த தைலமும் வியர்வையும் கலந்த வாசனை வந்தது.

"கேட்டியா?" என்றான்.

"என்ன மாமா?" என்றாள் கொழுந்தி.

மகள் மட்டும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்குப் பின் ஒரு மாலை, சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவனுக்குக் கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. பழகாமல் கிடந்து கரகரத்த சின்னக் குரல். "இன்னும் ஒரே ஒரு வாய்மா. சாப்டாத்தான் தெம்பு வரும்." நோயில் கிடந்தவளுக்கு அவனே சொன்ன வார்த்தைகள். கத்தி விரலில் பட்டது அவனுக்குத் தெரியவில்லை. கொழுந்தி ஓடிவந்து சமையலறை வாசற்படியிலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பேசிட்டா மாமா. பேசிட்டா."

"யார்கிட்ட பேசறா?"

"தண்ணிகிட்டயோ சுவத்துகிட்டயோ, யார்கிட்ட பேசினா என்ன? புள்ள பேசுது. அதைக் கெடுத்துடாதீங்க."

அவன் கெடுக்கவில்லை. மகள் பள்ளிக்குப் போனாள், சண்டை போட்டாள், பல் தேய்க்க அடம்பிடித்தாள். போன பிள்ளை திரும்பி வந்ததுபோல இருந்தது. அதனால் அந்தச் சத்தத்தையும், காலையில் துடைத்துவைத்ததுபோலக் கிடந்த கூழாங்கற்களையும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மீன் வந்துவிட்டால் சத்தத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

நீல மீனை வாங்கிவந்தான். பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் மெல்லத் திறந்தான். மீன் வெளியே வந்தது. பட்டுத் துணிபோன்ற துடுப்புகளை ஒரு முறை விரித்தது. மேலே ஏறப்போனது, பாதியில் நின்றது. நீர்ப்பரப்பைப் பார்த்துச் செவுள்களை முழுக்க விரித்து நின்றது. பிறகு துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நேராக அடியில் இறங்கி, கல் இடுக்கில் தலையைச் செருகிக்கொண்டது.

"அதுக்குப் பயம்," என்றாள் மகள். "மேல அம்மா இருக்காங்கல்ல."

அதற்குப் பிறகு அது மேலே வரவில்லை. காலையில் கல் இடுக்கிலேயே வெளுத்துக் கிடந்தது. கடைக்கார அக்காவிடம் தொலைபேசியில் சொன்னான்.

"மேலயே வரலியா? நோய் வந்தாலும் சரி, வால் அறுந்தாலும் சரி, மூச்சுக்கு மட்டும் எப்படியாவது வந்துடுமேங்க. அப்போ அது மூழ்கிச் செத்திருக்கு. மீன் மூழ்கி நான் பாத்ததில்ல."

அடுத்த விடுமுறை நாளில் மழை பிடித்துக்கொண்டது. அன்று காலையிலேயே வந்து, பிறகு கடைத்தெருவுக்குப் போன கொழுந்தி இன்னும் திரும்பவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவன் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டான். விழித்தபோது மின்சாரம் இல்லை. வீட்டுக்குள் சாம்பல் நிற வெளிச்சம். ஓட்டில் மழைச் சத்தம், ஈரச் சுவரின் வாடை, அதற்குமேல் அந்தத் தைல வாசனை, தொண்டையில் ஒட்டும் அளவுக்கு. தொட்டியின் மூடி தரையில் கிடந்தது. முக்காலிமேல் மகள். முதுகு வளைந்திருந்தது. முகம் தண்ணீருக்குள். கூந்தல் மேலே விரிந்து மிதந்தது.

அவன் இழுத்துத் தூக்கினான்.

அவள் இருமவில்லை. திணறவில்லை. நனைந்த இமைகளோடு அவனைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு மூச்சு பத்தலையாம்பா. பாதி குடுத்தேன்."

"என்னடா சொல்ற?"

"பாதிதான். மீதி எனக்கு இருக்கு." கொட்டாவி விட்டாள். "தூக்கம் வருதுப்பா."

தலை துவட்டி, உடை மாற்றி, உள்ளறையில் படுக்கவைத்தான். மறுபடி ஊமையானாலும் பரவாயில்லை, பிள்ளை இருந்தால் போதும். தொட்டியின் மூடியைப் போட்டான். மூடியின் இடைவெளி வழியே ஒரு ரப்பர் குழாயை இறக்கி, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். நாக்கில் தைலம் கசந்தது. தண்ணீர் வாளியில் இறங்கத் தொடங்கியது.

"மன்னிச்சுடும்மா," என்றான் தொட்டியிடம். "புள்ளைய விட்டுடு."

மட்டம் குறைந்தது. ப்ச்.

இன்னும் குறைந்தது. ப்ச். சத்தம் அவசரப்பட்டது. அவனுக்குத் தெரிந்த அவசரம். இரவெல்லாம் கட்டில் ஓரம் உட்கார்ந்து கேட்டது.

ப்ச். ப்ச்.

பிறகு உள்ளறையிலிருந்தும்.

ஓடினான். மகள் மல்லாந்து கிடந்தாள். வாய் திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. மூக்கருகே விரல் வைத்தான். ஒன்றுமில்லை.

கூடத்தில், ப்ச்.

மகளின் நெஞ்சு ஏறியது. இறங்கியது. நின்றது.

மழை. வாளியில் விழும் தண்ணீர். நெஞ்சு நின்றபடியே இருந்தது. உதட்டோரம் நீலம் படர்ந்தது.

ப்ச்.

ஏறியது.

குழாயைப் பிடுங்கி எறிந்தான். மூடியைத் தள்ளினான். வாளியைத் தூக்கிக் கொட்டினான், சிந்தியதைத் துணியால் ஒற்றிப் பிழிந்து கொட்டினான், குடிநீர்க் குடத்தையும் கவிழ்த்தான். பழைய மட்டத்துக்குப் போதவில்லை. தெரிந்தும் மூடியைப் போட்டான். தொட்டியின் பக்கத்திலேயே மண்டியிட்டு, உள்ளறைக் கதவு வழியாக மகளின் நெஞ்சைப் பார்த்தபடி இருந்தான்.

ஏறியது. இறங்கியது. அவன் மெதுவாகத் திரும்பினான்.

தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே விட்டிருந்த காற்றில், மூடியின் அடிப்பக்கக் கண்ணாடியில், வாயை ஒட்டி ஊதியதுபோல இரண்டு ஆவித் திட்டுகள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. இரண்டும் சேர்ந்தே படர்ந்தன, சேர்ந்தே மறைந்தன. பெரியது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அகலமாக. சின்னது கொஞ்சம் குறைவாக.