ஆடி நின்ற செம்புத் தகடு

வில்லியனூரில் துப்பறிவாளர் கல்பனாவின் அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே சின்னபொண்ணு அழத் தொடங்கிவிட்டாள். அபிஷேகப்பாக்கத்து அம்மன் கோயிலைப் பெருக்கிக் கழுவுகிறவள். அம்மன் தாலி காணாமல் போக, பழி அவள்மேல் விழுந்திருந்தது.

"பூசாரி வீரமணி ரெண்டு மரக்கட்டைக்கு நடுவுல ஒரு செம்புத் தகட்டத் தொங்கவுட்டு ஆட்டினாரும்மா. ஊர்ல ஒவ்வொருத்தர் பேரா மைக்குல சொன்னாரு. எம்பேரு வந்ததும் ஸ்பீக்கர்ல டொப்புன்னு ஒரு சத்தம். தகடு அப்புடியே நின்னுபோச்சு! நாளைக்குள்ள தாலி வரலன்னா வூட்டக் காலி பண்ணணுமாம்."

"கட்டைக்குள்ள காந்தம் இருக்கும் மேடம்!" என்று துள்ளினான் உதவியாளன் தமிழ்க்குமரன்.

"அதையும் பாத்தாங்க சார். காந்தத்த வச்சாங்க, தகட்டுல ஒட்டல. கட்டையத் தொட மட்டும் பூசாரி வுடல. தீட்டாம்."

தமிழ்க்குமரனின் முகம் தொங்கிப்போனது. கல்பனா சிரித்தார்.

"நீ சொன்னது பாதி சரி தமிழு. பாத்திரக்கடைக்குப் போய் அதே மாதிரி ஒரு செம்புத் தகடு வாங்கு. சீப்பு மாதிரி வெட்டி எடுத்துட்டு வா."

மறுநாள் காலை ஊரே கோயில் முன் திரண்டது. "சொல்றது அம்மன்தானே? தகட்ட மாத்தினா என்ன?" என்று கல்பனா கேட்டார். வீரமணியே வேண்டாவெறுப்பாகத் தகட்டை மாற்றிக் கட்டினார்.

சீப்புத் தகடு ஆடியது. பாயில் அமர்ந்திருந்த வீரமணி, "சின்னபொண்ணு" என்றார். ஸ்பீக்கர் டொப்பென்றது. தகடு நிற்கவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். மறுபடி டொப். தகடு பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. தமிழ்க்குமரனுக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது.

"செம்பு காந்தத்துல ஒட்டாது," என்றார் கல்பனா, கூட்டத்தைப் பார்த்து. "ஆனா காந்தத்துக்கு நடுவுல ஓடினா, அதுக்குள்ளயே மின்சாரம் சுழலும். அந்த மின்சாரமே தகட்டோட ஓட்டத்த எதிர்த்து நிறுத்திடும். வெட்டின தகட்டுல அது சுத்தி வர வழியில்ல. அதான் நிக்கல. கட்டைக்குள்ள இருக்கிறது மின்காந்தம். சுவிட்ச் போடும்போது ஸ்பீக்கர்ல டொப்புன்னு கேக்குது. கால எடுங்க பூசாரி."

தமிழ்க்குமரன் பாயை உருவினான். அடியில் சுவிட்ச், அதிலிருந்து ஒயர் கட்டைக்குள் ஓடியது.

"திருடினவரு பொருள எங்க வைப்பாரு?" என்றார் கல்பனா. " யாரும் தொடக் கூடாதுன்னு சொன்ன இடத்துலதான்."

கட்டையின் பின்பலகையைப் பெயர்த்தார்கள். இரும்பைச் சுற்றிய கம்பிச்சுருள். அதற்கடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அவிழ்த்ததும் அம்மன் தாலி வெயிலில் தகதகத்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஊர்த்தலைவர் அரிகரன் தலைகுனிந்து சின்னபொண்ணுவின் முன் வந்தார். "தப்பு எங்களுதும்மா. உனக்கு இன்னா வேணும், கேளு."

சின்னபொண்ணு நிமிர்ந்து கையை நீட்டினாள். "கோயில் சாவி."

வீரமணியின் இடுப்பிலிருந்து அவிழ்ந்த சாவிக்கொத்து, கூட்டத்துக்குள் கைமாறிக் கைமாறி, அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது.