மூன்றாவது முறையாகத் திறக்கிறோம்

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது!

நாளைக்குத் திறக்க வேண்டிய அவளுடைய பை தைக்கும் கடை... ஷட்டரின் மேல் மாட்டியிருந்த புதுப் போர்டில் கொட்டை எழுத்தில், 'நிரந்தரமாக மூடப்பட்டது. இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி.'

கொட்டும் மழையில் போர்டு எழுதுகிறவரின் கடைக்கு ஓடினாள். அங்கே நனைந்த தலையுடன் ஒருவன், அவளுடைய போர்டை மார்போடு பிடித்தபடி கத்திக்கொண்டிருந்தான்.

"மூடின பேக்கரி மேல 'மூன்றாவது முறையாகத் திறக்கிறோம்'னு மாட்டினா பார்க்கிறவங்க சிரிக்கமாட்டாங்களா?"

"அது என்னோடது. குடுங்க."

திரும்பினான். இமைகளில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. அடடா... தூங்கி எத்தனை நாளாயிற்று இந்தக் கண்கள்?

"ரெண்டு தடவை மூடினதை யாராவது போர்டுல போடுவாங்களா?"

"மூணு தடவை திறந்ததைத்தான் சார் போட்டிருக்கேன்."

போர்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

"பொம்பளைங்களுக்கு மனசு கல்லு. எங்களால இப்படித் திரும்பத் திரும்பத் திறக்க முடியாது."

"கல்லா? முதல் கடை மூடினப்போ மூணு மாசம் சுவரைப் பார்த்துட்டே கிடந்தேன். 'பொண்ணுதானே, போகட்டும் விடு'ன்னாங்க வீட்ல. எரிச்சலா வந்துச்சு... ஆனா அழ இடம் கிடைச்சுது. உங்க வீட்ல என்ன சொன்னாங்க?"

அவன் பார்வை தரைக்குப் போயிற்று. "அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அடுப்பு அணைஞ்சு ஒரு மாசம்... தினம் காலைல கிளம்பிப் போய்ப் பூங்காவுல உட்கார்ந்துட்டு வர்றேன்."

ஆறடி ஆள்! அம்மாவுக்குப் பயந்து பூங்காவில்!

"முதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க. அப்புறம் போர்டு மாட்டலாம்."

"உங்க வேலையைப் பாருங்க மேடம்!"

அவள் போர்டை அவள் கையிலேயே திணித்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

கடைக்குத் திரும்பித் தன் போர்டை மாட்டினாள்; அவனுடையதைக் கழற்றித் தையல் மெஷினுக்குப் பின்னால் வைத்தாள். திமிர் பிடிச்சவன் என்று பத்துத் தடவை திட்டினாள். பதினோராவது தடவை... திட்டு வரவில்லை. மழை பெய்தால் வாசலைப் பார்க்கிற பழக்கம் மட்டும் வந்துவிட்டது.

இருபதாம் நாள் காலை, ஷட்டரருகே அப்படியே நின்றுவிட்டாள். அவள் போர்டுக்குப் பக்கத்தில், பெயின்ட் காயாமல் இன்னொன்று: 'இரண்டாவது முறையாகத் திறக்கிறோம்.'

படியில் அவன். சட்டைக் கையில் மாவு. மடியில் சூடான பன் பொட்டலம்.

"போர்டு மறுபடி மாறிடுச்சு சார்..."

"மாறலை. முதல்ல உங்களுக்குக் காட்டணும்னு நான்தான் இங்க மாட்டினேன். அம்மாகிட்ட சொல்லிட்டேன்... அழுதேன். அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'உன்னைச் சொல்லவெச்ச பொண்ணு யாருடா?'"

"என்ன சொன்னீங்க?"

"பேர்கூடத் தெரியாதும்மா... பிடிச்சிருக்குன்னு மட்டும் தெரியும்னேன்."

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். ஆவி கண்ணில் அடித்தது... ஆவிதானா?

"எனக்கும் பிடிச்சிருக்கு," என்றாள், தலை நிமிராமல்.

"பன்னா?"

"பேக்கரிக்காரரை."