எழுபத்தாறாவது ஓட்டு

"ஐயோ...!"

துப்புரவுப் பெண்ணின் அலறல், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலச் சட்டசபையின் கார் நிறுத்தத்தை உலுக்கியது.

பிக்கப் வண்டிக்குள் எம்.எல்.ஏ. வர்ஜில் டக்கெட். நெற்றிப்பொட்டில் குண்டு. மடியில் பாதி கடித்த சாசேஜ் ரொட்டி.

டிடெக்டிவ் லொரெட்டா ஹார்ஜோ குனிந்து பார்த்தாள்.

"ஜன்னல் கண்ணாடியை இறக்கியிருக்கார். சுட்டது அவருக்குத் தெரிஞ்ச ஆளுதான்!"

"இன்னிக்கு எண்ணெய்க் கிணறு வரி மசோதாவுக்கு ஓட்டெடுப்பு, மேடம்," என்றான் உதவியாளன் டீன். "கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கான பணம். இங்க வரியை ஏத்தணும்னா அரசியல் சட்டப்படி முக்கால்வாசி பேர் ஒத்துக்கணும். நூத்தியொண்ணுல எழுபத்தாறு!"

"இருக்கறது?"

"எழுபத்தஞ்சு. டக்கெட் எதிர்ப்பு அணி."

"அப்ப எண்ணெய் கம்பெனிக்கு வேண்டியவர். அவரை யாருய்யா கொல்லுவான்?"

பதில் டக்கெட்டின் மனைவி மேவிஸிடம் இருந்தது.

"எங்க ஊர் ஆஸ்பத்திரியை மூடிட்டாங்க. போன மாசம் என் தங்கச்சி மகளுக்கு ஆம்புலன்ஸ்லயே பிரசவம். குழந்தை... தங்கலை." குரல் உடைந்தது. "அதுக்கப்புறம் இவர் தூங்கவேயில்லை. வரிக்கு ஆதரவா ஓட்டுப் போடறேன்னு நேத்துதான் முடிவு பண்ணினார்."

"யார்கிட்ட சொன்னார்?"

"ஒரே ஒருத்தர்கிட்ட. மசோதா கொண்டு வந்த ஹாலோவேகிட்ட. சந்தோஷப்படுவார்னு நெனச்சோம்... பட்டுனு போனை வச்சுட்டார்!"

லொரெட்டா கோர்ட் உத்தரவோடு போனபோது ராய்ஸ் ஹாலோவே டி.வி. கேமராக்கள் முன்னால் அழுதுகொண்டிருந்தார்.

"ஒரே ஒரு ஓட்டு! நம்ம ஏழைங்க தோத்துட்டாங்க!"

கேமராக்களை வெளியே அனுப்பினாள். டீன் மேஜை டிராயரை இழுத்தான்.

துப்பாக்கி! வெடிமருந்து நெடி இன்னும் போகவில்லை.

ஹாலோவேயின் கண்ணீர் சட்டென்று நின்றது.

"பன்னெண்டு வருஷமா இதே மசோதா, மேடம். ஒவ்வொரு தடவையும் தோக்கும். ஏழைங்க எனக்கு ஓட்டுப் போடுவாங்க. தோக்க வச்சதுக்கு எண்ணெய்க்காரன் கவர் கொடுப்பான். எல்லாருக்கும் நிம்மதி! அந்த மடையன் ஜெயிக்க வச்சிருப்பான்!"

"குழந்தை செத்துப் போச்சுய்யா."

"எலெக்ஷன்ல பேச நல்ல விஷயம்தான்."

லொரெட்டா அவருக்கு விலங்கு மாட்டினாள். மாட்டிய கையைத் தன் கால்சட்டையில் அழுத்தித் துடைத்தாள்.

"எ... என் எதிர்காலம்?" என்றார் ஹாலோவே.

"கவலையே படாதீங்க, சார்! சாகற வரைக்கும் உங்களுக்கு மூணு வேளைச் சாப்பாடு... ஜனங்க வரிப்பணத்துல!"