தவிட்டு வாரிசு

ஜாடித் தண்ணீர் பாளமாக உறைந்து கிடந்த அறையில், அந்தத் திண்டு மட்டும் சூடாக இருந்தது.

சீமாட்டி ஸிபில்லா கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். ஐந்து மாதமாக விடிந்ததும் அவள் தொடும் முதல் பொருள் அதுதான்: உள்ளே கோதுமைத் தவிடும் வாத்திறகும், மேலே பழைய துணி, இடுப்பில் கட்ட நான்கு நாடா. மாதம் ஏற ஏறப் பணிப்பெண் அப்பொலோனியா தையலைப் பிரித்து இரண்டு பிடி தவிடு சேர்ப்பாள். பிள்ளை வளர்ந்துவிடும்.

"அடுப்புக்கிட்ட வெச்சியாடி?"

"நான் தொடவே இல்லம்மா. நேத்து நீங்க கழட்டிப் போட்ட எடத்துலயேதான் கெடக்கு."

கட்டிக்கொண்டாள். கனத்தது.

க்ரேயன்ஃபெல்ஸ் கோட்டையில் ஆண் வாரிசு அற்றுப்போனால், கடைசிப் பிரபுவின் கேடயத்தை அவர் சவப்பெட்டி மேல் வைத்து உடைத்து, "இன்றோடு சரி, இனி இல்லை" என்று மூன்று முறை கூவி, கல்லறைக்குள் போட்டுவிடுவார்கள். விதவைக்குக் கன்னிமடம், கொண்டுபோக ஒரே ஒரு பெட்டி. அவள் புருஷன் எபர்வின் பிரபுவைக் குதிரை தள்ளிக் கொன்றது. அடக்கத்தன்று சுத்தியலை ஓங்கியபோது ஸிபில்லா குறுக்கே போய் நின்றாள். திறந்த சவப்பெட்டியில் கிடந்த புருஷன் முகத்துக்கு நேரே, வயிற்றில் கைவைத்துச் சத்தியம் செய்தாள்: "என் கச்சைக்குள் இருப்பது இவருடைய ரத்தம்." அப்போது அங்கே இருந்தது முதல் நாலு பிடித் தவிடு. கேடயம் தப்பியது. வாரிசு பிறக்கட்டும் என்று கல்லறையையும் மூடாமல் வைத்தார்கள்.

மிச்சத்தைப் பேசி முடித்தாயிற்று. மாவு ஆலைக்காரன் மகளுக்கு இந்த வாரம் பிரசவம். அந்தப் பிள்ளை ரொட்டிக் கூடையில், பின்படி வழியாக வரும்.

மதியம், சொல்லாமல் கொள்ளாமல் கொழுந்தன் ஊல்ரிஷ் வந்து இறங்கினான். எபர்வினுக்கு அவன் தாய் வழியில் மட்டும் தம்பி, வம்சத்து ரத்தம் இல்லை; ஆனாலும் வம்சம் அற்றால் கோட்டை அவனுக்கு. கூடவே, நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் எடுத்த மருத்துவச்சி வால்புர்கா.

"என்ன அண்ணி, அண்ணன் உசுரோட இருந்த பதினோரு வருஷம் ஒண்ணும் நடக்கல. செத்ததும் மனுஷன் சுறுசுறுப்பாயிட்டாரே!"

"அவருக்கு எப்பவும் அவசரம் கெடையாது தம்பி. அவசரமெல்லாம் உங்களுக்குத்தான்."

"தொட்டுப் பாத்துட்டா ரெண்டு பேருக்குமே நிம்மதி." நீதிமன்றக் கடிதத்தை நீட்டினான். உடைக்கு மேலாக, ஒரு கை, ஒரு முறை தொடலாம்.

வால்புர்கா முன்னால் வந்தாள். முட்டைக்கோசை அமுக்கிப் பார்த்து விலை பேசுகிறவளின் கை அது. வந்து படிந்தது. கணப்பில் விறகு வெடித்தது. பனியில் நனைந்த கம்பளியின் நாற்றமும் ஊல்ரிஷ் குடித்திருந்த பீரின் புளிப்பும் ஒன்றாகக் கலந்து முகத்தில் அடித்தன. தவிடு நொறுங்கும், இதோ நொறுங்கப் போகிறது, கேட்டுவிடப் போகிறார்கள் என்று ஸிபில்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை நகரவில்லை.

"அடேயப்பா," என்றாள் வால்புர்கா. "என்னமா உதைக்குது! தலை கீழ எறங்கிடுச்சு. இன்னிக்கே ஆயிடும் பாருங்க."

ஊல்ரிஷின் முகம் வெளுத்தது. ஸிபில்லாவின் முகமும்தான். அந்த உதையை அவளும் உணர்ந்தாள். வெளியிலிருந்து, தன் வயிற்றின் மேல்.

வலி முற்றும்வரை தனியாக ஜெபம் செய்வது இந்த வீட்டு வழக்கம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அறைக்குள் போய்த் தாழிட்டாள். அவர்கள் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அப்பொலோனியா மாவு ஆலைக்கு ஓடினாள்.

நாடாக்களை அவிழ்த்தாள். முடிச்சுகள் ஈரமாக இருந்தன. திண்டை மேசைமேல் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள்.

அது மெல்ல உப்பியது. அடங்கியது. உப்பியது.

பின்கதவுக்கு அப்பால் மூச்சிரைப்பு. அப்பொலோனியா. "அம்மா... பொண்ணும்மா. பொண்ணா பொறந்து தொலைச்சிடுச்சு!"

பெண்ணுக்குக் கோட்டை கிடையாது. சுத்தியல். மடம். ஒரு பெட்டி.

முன்கதவில் தட்டல். "அண்ணி? சத்தத்தையே காணோம். என்ன கொழந்தை? மொதல்ல, கொழந்தைதானா?"

மேசைமேல் திண்டில் ஒரு தையல் விட்டது. அடுத்தது. உள்ளேயிருந்து. ஈரத் தவிடு கொட்டியது. மண் வாடை. மெழுகு வாடை. மூடாத கல்லறையின் வாடை.

கணப்பு இரண்டடியில் எரிந்தது. தூக்கிப் போட்டால் முடிந்தது. வம்சமும் முடிந்தது.

கணப்பைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

"பையன்," என்றாள், உரக்க.

தையல் முழுக்க விட்டது. ஒரு கை வெளியே வந்தது. சிசுவின் கையளவுதான். சிறுவிரல் உட்பக்கம் வளைந்திருந்தது, அந்த வீட்டு ஆண்கள் அத்தனை பேருக்கும் வளைந்திருப்பது போலவே. நகக்கண்களில் கறுத்த மண். காற்றில் துழாவி அவள் கட்டைவிரலைப் பற்றியது. கடிவாளம் பிடித்துப் பழகிய பிடி.

வெளியே யாரோ வாரிசு பிறந்ததற்கு மணியடிக்க ஓடினார்கள்.

இழுத்தது. தவிட்டுக்குள் அவள் கை மணிக்கட்டு வரை போனது. முழங்கை வரை.

திண்டு ஒரு சாண்தான் ஆழம்.

தோள் வரை.